நன்றிக்கு ஒரே நாள் கெடு

லேவியராகமத்தை வாசிக்க உட்காருபவர்கள் பாதியில் மூடி வைப்பதுண்டு. பலி, கொழுப்பு, இரத்தம் என்று சட்டம் மேல் சட்டமாகப் போகும். ஆனால் அதன் 7-ஆம் அதிகாரத்தில் உள்ள ஒரு விதி, வங்கிக்காரனான எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நன்றி சொல்ல இஸ்ரவேலர் செலுத்தியது ஸ்தோத்திர பலி. எபிரேயத்தில் 'தோதா'. ஆடோ மாடோ கொண்டுவர வேண்டும். கூடவே நான்கு வகை அப்பங்கள். (பழைய தமிழ் பைபிளில் அதிரசம், அடை என்றே போட்டிருக்கும்!) வகைக்குப் பத்து, ஆக 40 என்று மிஷ்னா கணக்கு சொல்கிறது. அதில் 4 ஆசாரியருக்கு. இறைச்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு. கொழுப்பு பலிபீடத்துக்கு. மீதியெல்லாம் கொண்டுவந்தவருக்கே.

விஷயம் இனிமேல்தான். இறைச்சியை அன்றே சாப்பிட்டு முடிக்க வேண்டும். விடியும்வரை மிச்சம் வைக்கக் கூடாது. பொருத்தனைக்காகச் செலுத்தினால் மறுநாளும் சாப்பிடலாம். நன்றிக்கு மட்டும் கேரி ஃபார்வர்ட் கிடையாது!

36 அப்பமும் ஓர் ஆடும் ஒரே நாளில் ஒரு குடும்பத்தால் முடியுமா? ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டும். வந்தவர்கள் "என்ன விசேஷம்?" என்பார்கள். நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். யூத உரையாசிரியர்கள் சிலரும் இப்படித்தான் விளக்குகிறார்கள்.

கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். பலி நின்றது, பழக்கம் நிற்கவில்லை. கடல் கடந்தவர், பாலைவனம் தாண்டியவர், நோயிலிருந்து எழுந்தவர், சிறையிலிருந்து மீண்டவர் ஆகிய நால்வரும் நன்றி சொல்ல வேண்டும் என்கிறது தல்மூத். அதையும் பத்துப் பேர் முன்னால் சொல்வதே வழக்கம்.

வெளியூரில் பிழைக்கும் நாம் என்ன செய்கிறோம்? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஊர்க் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ ஆன்லைனில் பணம் அனுப்புகிறோம். ரசீது வந்ததும் கணக்கு முடிந்தது. எதிர் ஃபிளாட்காரருக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாது. "இங்கே யாரைக் கூப்பிடுறது, நம்ம ஆளுங்க யாரு இருக்கா?" என்று ஒரு சமாதானம் வேறு.

அந்த விதி சொந்தக்காரர்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. தீட்டில்லாமல் இருந்தால் போதும்.

பணம் அனுப்புவது தப்பில்லை, அனுப்புங்கள். ஆனால் அதோடு நன்றி சொல்லி முடிந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த முறை வீட்டில் நல்லது நடந்தால் புளியோதரையோ பிரியாணியோ ஒரு கிலோ கூடுதலாகச் செய்யுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காமல் அன்றைக்கே நாலு கதவைத் தட்டுங்கள். எதற்கு என்று கேட்டால், தெரிந்த இந்தியில் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுங்கள்.