அறுத்ததை எண்ணினர், ஆறியதை எண்ணினரா?

சத்திரசிகிச்சை எப்பொழுது முடிவடைகின்றது? தையலிட்டவுடன் முடிந்ததென்று எழுதுகிறது வைத்தியசாலை ஏடு. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியவுடன் முடிந்ததென்று எழுதுகிறது சுகாதாரப் பகுதியின் புள்ளிவிபரம். அறுவைக்குள்ளான கமக்காரனைக் கேட்டாலோ, மறுபடியும் மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டும் நாளிலேதான் முடிந்தது என்பான். அவன் சொல்வதே மெய். ஆயினும் அவன் சொல்லும் அந்த நாள் வந்ததா, வரவேயில்லையா என்பதை எழுதிவைக்க இந்நாட்டு அரசாங்கம் அக்கறை கொள்ளவில்லை. இது சிறு குறையன்று. நோயாளரின் உயிரோடும் உழைப்போடும் தொடர்புடைய பெருங்குறை. அதனைச் செட்டிகுளத்தின் பெயரால் எடுத்துரைக்க வேண்டியவர்களாய் இருக்கின்றோம்.

செட்டிகுளத்தின் பெயரால் என்பதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டில் உலகத்தின் சத்திரவைத்தியர்கள் பலர் வந்து இறங்கிய இடம் அது. அவ்வாண்டு பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு, போர்முனைக் கரையிலிருந்து காயக்காரர், நோயாளர், உடன்சென்ற உறவினர் என ஏறத்தாழ 14,000 பேரைக் கப்பலேற்றி வெளியே கொண்டுவந்தது. தரைவழியே வந்தோரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளத்துக்கு அருகே மெனிக்பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஏப்ரல் மாத இறுதியில் பிரான்ஸ் நாட்டார் செட்டிகுளத்தில் கள வைத்தியசாலையொன்றை நிறுவினர். மே மாதத்தில் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு முகாமுக்கு அருகே மற்றொன்றைத் திறந்தது. புல்மோட்டையில் இயங்கிய இந்திய வைத்தியர் குழுவும் இடம்பெயர்ந்து மெனிக்பாமுக்கு வந்து செப்டெம்பர் வரை பணியாற்றியது. இவர்கள் செய்த உதவியை நன்றியோடு நினைவுகூர்கின்றோம்.

ஆனால் கள வைத்தியசாலையின் இயல்பு யாது? கூடாரத்தைப் பிடுங்கும்போது ஏட்டையும் கட்டிக்கொண்டு போய்விடும். பிரெஞ்சுக்காரரின் கூடாரமும் இந்தியரின் கூடாரமும் அவ்வாண்டிலேயே எடுபட்டன. 2012 செப்டெம்பரில் மெனிக்பாமும் மூடப்பட்டது. அறுவைக்குள்ளானோர் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா எனத் தத்தம் ஊர்களுக்குச் சிதறிப்போயினர். காயமோ அவர்களோடு கூடவே போயிற்று.

காயம் என்பது அன்றோடு ஆறிவிடும் பொருளன்று. சிறு வயதிற் கால் துண்டிக்கப்பட்ட பிள்ளைக்கு வளர வளர எஞ்சிய எலும்பு நீண்டு தோலைக் குத்தும். மீண்டும் அறுத்துச் சீர்செய்யவேண்டும். செயற்கைக் கால் சில ஆண்டுகளிலே தேய்ந்துபோம். வளரும் பிள்ளைக்கு இன்னும் விரைவில் மாற்றவேண்டும். எலும்பிற் பிடித்த சீழ் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து மறுபடியும் கிளம்பும். உடலில் தங்கிய எறிகணைச் சிதறல் நரம்பை அழுத்தும். 2009இல் பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று இருபது வயதைக் கடந்து வயலில் நாற்று நடவோ அலுவலகத்தில் எழுதவோ வேண்டியவன். அவனுடைய கால் எப்படி இருக்கிறது? எத்தனை முறை மீண்டும் அறுக்கப்பட்டது? தொகையொன்று தம்மிடம் உண்டென்றால் ஆட்சிபீடத்திலிருப்போர் அதனை வெளியிடட்டும். இல்லையென்றால், இல்லை என்றாவது ஒப்புக்கொள்ளட்டும்.

காயக்காரரை எண்ணுவது என்றாலே இந்நாட்டு ஆட்சியாளருக்கு ஏன் அச்சம் என்பது வன்னி மக்கள் அறியாததன்று. மயக்கமருந்தும் இரத்தமும் போதாத நிலையில், எறிகணை வீச்சுக்கு நடுவே சத்திரசிகிச்சை செய்த அரசாங்க வைத்தியர்களான சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோர் தாம் கண்ட தொகையை உலகுக்குச் சொன்னார்கள். அதற்குக் கிடைத்த பரிசு யாது? போர் முடிந்ததும் தடுத்துவைக்கப்பட்டனர். யூலை மாதத்தில் கொழும்பிலே செய்தியாளர் முன்னிலையில் நிறுத்தப்பட்டு, முன்பு சொன்ன தொகைகளைத் தாமே மறுத்துரைத்தனர். காவலில் இருந்தோர் வாயால் வந்த மறுப்பு எத்தகையது என்பதை அறிவுடையோர் உணர்வர். எண்ணிய வைத்தியனைச் சிறையில் வைத்த நாட்டில், எண்ணும் பழக்கம் எப்படி வளரும்?

போர்க்காலத்தை விட்டு இன்றைய நாளுக்கு வருவோம். உழவு இயந்திரத்தில் அகப்பட்டுக் கால் நொறுங்கிய ஒருவர் செட்டிகுளம் வைத்தியசாலைக்கு வருகிறார். அங்கிருந்து வவுனியாவுக்கும், தேவையாயின் அனுராதபுரத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பப்படுகிறார். ஒவ்வோரிடத்திலும் புதிதாய்ப் பெயர் பதியப்படுகிறது. வைத்தியசாலைகள் மேலிடத்துக்கு அனுப்பும் விபரத்திரட்டு, எந்த நோய்க்கு எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் உள்ளே இறந்தனர் என்பதைக் காட்டும். வீடு திரும்பிப் பத்தாம் நாள் காயத்தில் சீழ் வைத்ததையோ, அவர் பெரும்போகத்தைக் கைவிட்டதையோ அது காட்டாது. அவர் தனியார் மருந்தகமொன்றுக்குப் போனால், அறுத்த சத்திரவைத்தியருக்கே செய்தி எட்டாது. தம் கைவேலையின் பலனை அறியாத தச்சனும் உண்டோ? வைத்தியரை அந்நிலையில் வைத்திருப்பது வைத்தியருக்கே இழைக்கும் அநீதியாகும்.

உலகம் இதில் எவ்வளவோ முன்னேறிவிட்டது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கொட்மன் என்ற சத்திரவைத்தியர், ஒவ்வொரு நோயாளரையும் தொடர்ந்து கவனித்து இறுதிப் பயனை எழுதவேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாதாடினார். 1911 முதல் 1916 வரை தம் சிறு வைத்தியசாலையிலிருந்து வீடு சென்ற 337 நோயாளரின் விபரத்தை வெளியிட்டு, அதிலே 123 தவறுகள் நேர்ந்தன என்று தாமே எழுதினார். 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, புதுடில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு வைத்தியசாலைகளை எடுத்துக்கொண்டது. அறுவைக்கு முன்னும் பின்னும் சொல்லிச் சரிபார்க்கும் ஒரு தாளைப் பயன்படுத்தியபின், நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆயிற்று, நூற்றுக்கு 11 ஆக இருந்த சிக்கல்கள் 7 ஆயின. கோடி ரூபா இயந்திரம் வாங்கியல்ல, ஒரு தாளைக் கொண்டே கண்ட பயன் இது. முன்னும் பின்னும் எண்ணியிராவிட்டால் அந்தத் தாளின் மதிப்பை எவர் அறிந்திருப்பார்? அறுவைக்குப்பின் 30 நாட்களுக்குள் ஆண்டுதோறும் 42 இலட்சம் பேர் உலகில் இறக்கின்றனர் என 2019இல் கணக்கிட்டனர். எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றும் சேர்ந்து கொல்வதிலும் இது அதிகம்.

இவையெல்லாம் பணக்கார நாடுகளுக்கே இயலும் என்று சிலர் கூறக்கூடும். அது பொய்வாதம். இதே இலங்கையில், பிள்ளைப்பேற்றின் காரணமாய் ஒரு தாய் இறந்தால் அச்செய்தி மேலிடத்துக்கு அறிவிக்கப்பட்டு, ஒவ்வொரு மரணமும் தனித்தனியே ஆராயப்படுகிறது. 1930களில் ஓரிலட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மார் வரை மாண்ட நாட்டில், அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியமைக்கு இவ்வாராய்வும் ஒரு காரணம். அயலிலே அனுராதபுரத்தைப் பாருங்கள். நஞ்சருந்தியோருக்குக் கரித்தூளைப் பலமுறை கொடுப்பது உயிர்காக்குமா என்று அறிய, அனுராதபுரம் உள்ளிட்ட மூன்று வைத்தியசாலைகளில் 4,632 நோயாளரை ஆராய்ந்து, பயனில்லை என்று 2008இல் உலகுக்கே அறிவித்தனர். பூச்சிநாசினியும் அலரிவிதையும் உண்ட ஏழைக் கமக்காரரின் படுக்கையோரத்திலே நடந்த ஆராய்ச்சி அது. அங்கே முடிந்தது செட்டிகுளத்திலும் வவுனியாவிலும் முடியாதா?

மருந்துக்கே வழியில்லாதபோது கணக்கு எதற்கு என்பது அடுத்த வாதம். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையே முன்குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது உண்மை. தட்டுப்பாட்டுக் காலத்திலேதான் கணக்கு மிக அவசியம். எந்த மருந்தின் குறைவால் எத்தனை காயம் பழுதாயிற்று என்று காட்டினாலன்றோ எமக்குரிய பங்கைக் கேட்டுப்பெற இயலும்?

வைத்தியர்களைக் குற்றக்கூண்டில் ஏற்றவா இந்த ஏடு என்று அஞ்சுவோரும் உளர். அன்று. கடினமான நோயாளரை ஏற்கும் சத்திரவைத்தியரிடம் மரணம் கூடுதலாய் இருப்பது இயல்பே. ஆகையால் நோயாளரின் வயது, நோயின் கடுமை, வந்து சேர்ந்த தாமதம் யாவும் சேர்த்து நிறுக்கப்படவேண்டும். இல்லையேல் பெயருக்கு அஞ்சி, ஆபத்தான நோயாளரை வேறிடம் தள்ளிவிடும் வழக்கமே பெருகும்.

இதைவிட நியாயமான அச்சம் வேறொன்று உண்டு. காயத் தழும்பைக் கண்டே விசாரணைக்கு அழைத்த காலத்தை வன்னி இளைஞர் மறக்கவில்லை. ஆகவே இந்த ஏடு வைத்தியரின் பூட்டுக்குள்ளே இருக்கவேண்டும். காவற்படையினரோ புலனாய்வாளரோ அதைத் தொடக்கூடாது. நோயாளரின் சம்மதமின்றி ஒரு பெயரும் அதில் ஏறக்கூடாது.

சம்மதம் என்றால் விளங்கிய சம்மதம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’ தமிழில் அச்சேறியது. அறுவைக் கலை முழுவதையும் அன்று தமிழில் சொல்ல முடிந்தது. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று சட்டத்திலே எழுதியது. அப்படியிருக்க, வீட்டுக்குப் போகும் நோயாளரின் கையில் ஆங்கிலத்திற் கிறுக்கிய அட்டையைத் திணிப்பது எந்த நியாயம்? எதை அறுத்தார்கள், எந்த அறிகுறி கண்டால் திரும்பி வரவேண்டும் என்பதைத் தன் மொழியில் வாசிக்க இயலாதவன் எவ்வாறு தன் காயத்தைக் காப்பான்?

எமது கோரிக்கைகள் நான்கு. அறுவைக்குள்ளான ஒவ்வொருவரின் நிலையும் முப்பதாம் நாளில் தொலைபேசியாலோ குடும்பநல உத்தியோகத்தர் வாயிலாகவோ விசாரித்து எழுதப்படல் வேண்டும். வைத்தியசாலை மாறினாலும் நோயாளருக்கு ஒரே இலக்கம் தொடர்தல் வேண்டும். விடுகை அட்டை தமிழிலும் தரப்படல் வேண்டும். 2009இன் காயக்காரரை அவர்தம் சம்மதத்தோடு தேடிக் கண்டு, வேண்டிய மறுசிகிச்சை அளித்து, பெயர் நீக்கிய விபரத்தை ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவற்றை வடமாகாண சுகாதாரத் திணைக்களமே தொடங்கலாம்; கொழும்பின் வாயைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்கு 1978இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் உண்டு.

படித்த பெருமக்களே! வைத்தியர், தாதியர், கணக்காளர், ஆசிரியர் ஆகிய உங்களுக்கு இந்த ஏட்டைத் தொடக்கும் அறிவு உண்டு. கமக்காரப் பெருமக்களே! துண்டு வெட்டும் நாளில், என்ன செய்தீர்கள், தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குளத்து நீரைப் பங்கிடும்போது ஒரு அங்குலக் கணக்கையும் விட்டுக்கொடாத வன்னி மக்கள், தம் உடம்பின் கணக்கை மட்டும் பிறர் பொறுப்பில் விட்டுவிடலாமா? கேளுங்கள், கொடுக்கும்வரை கேளுங்கள்.