“ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றால் நம்பலாமா?

காருக்குப் புது பிரேக் பேடு போட்டாகிவிட்டது. பணமும் கொடுத்தாகிவிட்டது. பட்டறையை விட்டுக் கார் வெளியே வருகிறது. ஆனால் ஓட்டத்தில் சுகம் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் முனகுகிறது. காலை எடுத்தால், உருள வேண்டிய கார் சட்டென்று நின்றுவிடுகிறது. யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போல இருக்கிறது.

திரும்பிப் போய்க் கேட்டால் மெக்கானிக் சிரிக்கிறார். “புது பேடு சார். அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாகிவிடும்” என்கிறார்.

இந்தப் பதிலைக் கேட்காத கார்க்காரர்கள் குறைவு. இதில் பாதி உண்மை, பாதி பொய். பிரேக் விஷயத்தில் இதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வரவே கூடாது.

உண்மை எது? புது பேடின் முகம் டிஸ்க்கோடு படிய வேண்டும். அதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை லேசான உரசல் சத்தம் கேட்கலாம். பிடிப்பும் சற்றுக் குறைவாக இருக்கலாம். இவை தாமாகவே சரியாகிவிடும்.

ஆனால், சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் தானாகச் சரியாகாது. ஓட ஓடச் சூடுதான் ஏறும்.

பிடிப்பது பாதி வேலை

பிரேக் என்றால் பிடிப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிடித்த பிறகு விடுவதும் பிரேக்கின் வேலைதான்.

டாக்டரின் ஊசிக் குழாயை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அழுத்தினால் மருந்து முன்னே போகும். பிரேக்கும் ஏறக்குறைய அப்படித்தான். காலால் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் குழாய் வழியாக ஓடி, சக்கரத்தின் அருகே இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. சுழலும் டிஸ்க்கை இரு புறமும் பேடுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. கார் நிற்கிறது.

காலை எடுத்ததும் பிஸ்டன் எப்படித் திரும்பும்? அதை இழுக்க அங்கே ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் வெளியே வரும்போது அந்த வளையம் சற்று வளைகிறது. அழுத்தம் போனதும் பழையபடி நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அந்த அற்ப இடைவெளியில்தான் சக்கரம் சுழல்கிறது!

டிரம் பிரேக்கில் கதை வேறு. அதில் ஷூக்களைத் திரும்ப இழுக்க வலுவான ஸ்பிரிங்குகள் உண்டு. பழைய அம்பாசடர் ஓட்டிப் பழகிய பெரியவர்களுக்கு, டிஸ்க் பிரேக்கின் மெல்லிய உரசல்கூடக் குறையாகத் தோன்றலாம். அது குறை அல்ல. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் ‘சர்’ரென்ற லேசான சத்தத்தோடு சுற்ற வேண்டும். சுற்றவே மறுத்தால்தான் கோளாறு.

பழி பேடு மேலா?

நேற்று வரை நன்றாக ஓடிய கார், பேடு மாற்றியவுடன் ஏன் பிடித்துக்கொள்கிறது? கடைக்காரர் மட்டமான பேடு கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. வேறு காருக்கான பேடாக இருந்தால் அந்தச் சண்டையில் நியாயம் இருக்கிறது. அநேகமாகப் பேடு குற்றவாளி அல்ல.

பழைய பேடு தேயத் தேய, பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கும். வெளியே நீட்டிய பகுதியில் மழைத் தண்ணீரும் புழுதியும் படும். மேலே உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் துருவும் பிடிக்கும். புது பேடோ தடிமனானது. அதற்கு இடம் வேண்டுமே! பிஸ்டனை உள்ளே தள்ளுகிறார்கள். பல வருஷமாகப் போகாத இடத்துக்குத் துருவோடும் அழுக்கோடும் பிஸ்டன் போகிறது. போன இடத்தில் சிக்கிக்கொள்கிறது.

காலிப்பர் நகர்வதற்கு இரண்டு பின்கள் இருக்கின்றன. அவை வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். உலர்ந்து போயிருந்தால் காலிப்பர் நகராது. ஒரு பக்கத்துப் பேடு மட்டும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். இதற்கென்று தனி கிரீஸ் உண்டு. கையில் கிடைத்த சாதாரண கிரீஸைத் தடவினால், அங்குள்ள ரப்பர் ஊதிப் பெருத்துப் பின்னை இறுக்கிவிடும்.

பேடின் இரண்டு காதுகளும் உட்காரும் இடத்திலும் துரு சேரும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காமல், புது பேடைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டி ஏற்றிய பேடு எப்படித் திரும்பி வரும்?

எந்தச் சக்கரம் சுடுகிறது?

கோளாறு எங்கே என்று காரே சொல்லிவிடும். சமதளமான சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் காட்டிப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது, தோல் வெந்துவிடும்.

ஒரே ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால், கோளாறு அந்தச் சக்கரத்தில்தான். பின் சக்கரங்கள் மட்டும் சுட்டால் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாச் சக்கரங்களும் சுட்டால், பெடல் முழுவதும் மேலே வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பெடல் மேலே வராவிட்டால், மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துவாரம் அடைபட்டே இருக்கும். யாராவது தெரியாமல் என்ஜின் ஆயிலை பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றியிருந்தாலும் இந்த வினை வரும். உள்ளே இருக்கும் ரப்பர்கள் எல்லாம் ஊதிவிடும்.

ஒரு சக்கரம்தான் என்று தெரிந்த பின், நல்ல மெக்கானிக் ஒரு காரியம் செய்வார். பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே, காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் திறப்பார். கொஞ்சம் ஆயில் பீறிட்டு, சக்கரம் விடுபட்டுச் சுற்றினால், ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருந்தது என்று பொருள். பெரும்பாலும் ரப்பர் ஹோஸ்தான் காரணமாக இருக்கும். ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே சதை உரிந்து, ஆயில் போக வழி விட்டு, திரும்பி வர வழியை மறிக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடாவிட்டால் பிஸ்டனோ பின்னோ சிக்கியிருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை. நாலு நிமிஷம் போதும்.

யார் தவறு?

முழுப் பழியையும் மெக்கானிக் தலையில் போடுவது நியாயம் ஆகாது. நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கார்க்காரருக்கும் பங்கு உண்டு. “பேடு மாற்ற கால் மணி நேரம் போதாதா? இதற்கு இவ்வளவு கூலியா?” என்று பேரம் பேசுகிறார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட கால் மணி நேரம் போதும்தான். பின்னைக் கழற்றித் துடைத்து, துருவைத் தேய்த்து, ரப்பர் உறையைப் பார்த்து, கிரீஸ் தடவி மாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுக்க மனம் இல்லாதவருக்கு, கால் மணி நேர வேலைதான் கிடைக்கும்.

பட்டறைக்காரர்களும் “பேடு மாற்றக் கூலி” என்று மொத்தமாக எழுதாமல், “சுத்தம் செய்து கிரீஸ் தடவக் கூலி” என்று பில்லில் தனியாக எழுதலாம். வாங்கிய காசுக்கு என்ன நடந்தது என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். நேர்மையாக வேலை செய்யும் மெக்கானிக்குக்கும் நஷ்டம் இராது.

மலையில் இறங்கும்போது

பெட்ரோல் கூடுதலாகப் போகும், பேடு சீக்கிரம் தேயும் என்பதெல்லாம் பண நஷ்டம். உயிருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு போகிறவர்கள், “மலைக்குப் போகிறோமே” என்று முன்னெச்சரிக்கையாகத்தான் புது பேடு போடுகிறார்கள். அந்தப் பேடு பிடித்துக்கொண்டே வந்தால், இறக்கத்தில் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும். சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 என்ற வகை ஆயில், புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஆனால் பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிறையும். பெடலை மிதித்தால் கால் தரை வரை போகும். கார் நிற்காது.

அதற்கு முன்பே நாற்றம் வரும். துணி தீய்வது போன்ற நாற்றம். பின் ஸீட்டில் உள்ள பாட்டி, “ஏதோ தீயுதுடா” என்பார். “லாரிப் புகை பாட்டி, ஜன்னலைச் சாத்து” என்று பேரன் சொல்லுவான். பாட்டியின் மூக்கை நம்பி, அகலமான இடம் பார்த்து நிறுத்துவதே புத்திசாலித்தனம். கார் தானாக ஆற வேண்டும். சுடும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடிப்பு விடலாம். ஆறியதும் நன்றாக ஓடுகிறதே என்று இறக்கத்தில் தொடரவும் கூடாது. கீழே இருந்து மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், பட்டறையில் சாவியை வாங்கும் முன் இரண்டு காரியங்களைக் கேட்டுச் செய்யச் சொல்லலாம். ஒன்று, பெடலைப் பலமுறை மிதித்து இறுக வைப்பது. பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால், முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது. இதை மறந்து காரை நகர்த்தி, எதிர்ச் சுவரில் போய் முட்டியவர்கள் உண்டு. அடுத்தது, காரை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் போட்டு, வேலை செய்த ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிக் காட்டுவது. உதவியாள் ஒருவர் பெடலை மிதித்து விட வேண்டும். விட்டவுடன் சக்கரம் மறுபடி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் சாவி பட்டறையிலேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போக பஸ் இருக்கிறது.