மலைமேல் ஏழு வீடுகள்

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் வாயே ரெபோ. அங்கே சாலை இல்லை. காட்டுவழியே நடந்துதான் மலையேற வேண்டும். கூம்பு வடிவக் கூரை வேய்ந்த ஏழு மரபு வீடுகளே அதன் அடையாளம். அவற்றைப் புதுப்பித்தமைக்கு 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. பயணியர் பெருகினர்.

ஆயினும், பள்ளிப் பிள்ளைகள் அடிவாரத்து ஊரில் தங்கியே பயில்கின்றனர். காப்பி பயிரிடவும் துணி நெய்யவும் பெற்றோரிடம் கற்கவேண்டிய பருவம் ஊருக்கு வெளியே கழிகிறது. கல்வியைக் குறை கூறுவதற்கில்லை. அது எட்டாத் தொலைவில் இருப்பதே குறை. விருந்தினரை மட்டுமே நம்பி வாழும் ஊர் நாளடைவில் காட்சிப்பொருளாகிவிடும். காப்பிக்கு உரிய விலையும், அருகிலேயே கல்வியும் மருத்துவமும் வாய்த்தால், படிக்க இறங்கிய பிள்ளைகள் வாழ்வதற்காக மீண்டும் மலையேறுவர். அவர்கள் திரும்பினால்தான் அவ்வீடுகளில் அடுப்பெரியும்.