அங்குசம் எங்கே?

பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதில் 'லினக்ஸ்' போடுகிறார்கள். திரை ஒளிர்கிறது. பாட்டுக் கேட்கிறது. எழுத்தும் அச்சாகிறது. ஆனால், வைஃபை மட்டும் வரவில்லை! வைஃபை கார்டு உள்ளேதான் இருக்கிறது. கெட்டுப் போகவும் இல்லை. பிறகு என்ன கோளாறு?

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1991-ல், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் தொடங்கினார். அது இலவசம். யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய வரம். ஒரு சிறு கார்டு மக்கர் செய்தால், அந்த வரம் வீண்!

கார்டோடு பேச லினக்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுவும் ஒரு மென்பொருள்தான், பெயர் 'டிரைவர்'. கார்டின் உள்விவரம் தெரிந்தால்தான் அதை ஒழுங்காக எழுத முடியும். சில கம்பெனிகள் அந்த விவரத்தைத் தரவில்லை. யானையை விற்றுவிட்டு அங்குசத்தை ஒளித்துவைத்த கதைதான்!

அமெரிக்காவின் பிராட்காம் கார்டுகள் இதற்கு உதாரணம். தொண்டர்கள் சோர்ந்துவிடவில்லை. இரு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு பழைய டிரைவரை ஆராய்ந்து, கார்டு வேலை செய்யும் விதத்தைக் குறித்து வைத்தது. மற்றக் குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துப் புது டிரைவர் எழுதியது. 'காப்பி' என்ற பழி வரக்கூடாதே! 2006-ல் அந்த டிரைவர் லினக்ஸில் சேர்ந்தது. 2010-ல் அந்தக் கம்பெனியே, புதிய கார்டுகள் சிலவற்றுக்கு, எல்லோரும் பார்க்கக்கூடிய டிரைவரை வெளியிட்டது. அதை முதலிலேயே செய்திருந்தால் எத்தனை பேர் உழைப்பு மிச்சமாகி இருக்கும்!

இன்று பல கார்டுகள் உடனே வேலை செய்கின்றன. சில இன்னும் தொல்லை தருகின்றன. ஒரே பெயரில் விற்கும் கார்டிலும், உள்ளே வேறு வேறு சிப் இருப்பது உண்டு. ஆகவே, பெட்டியின் மேல் உள்ள பெயரை மட்டும் நம்பக்கூடாது. "உள்ளே என்ன சிப்? லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்டு வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் வாங்குவோர், லினக்ஸை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா என்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேட்பது வாங்குபவர் கடமை. சொல்வது விற்பவர் கடமை. யானைக்கு விலை கொடுத்தவருக்கு அங்குசமும் சொந்தம்!