மண்ணெண்ணெயில் ஓடிய கார் டர்போவுக்குச் சான்றிதழ் ஆகாது

“யாழ்ப்பாணத்தான் மண்ணெண்ணெயில் கார் ஓடியவன். அவனுக்கு டர்போ பூட்டுவதெல்லாம் ஒரு வித்தையா, ஐயா?” கொடிகாமத்து இளைஞர் ஒருவர் எனக்கு அனுப்பிய மடல் இப்படித் தொடங்குகிறது. பழைய ஜப்பானியக் கார்களின் உள்ளுறுப்பு எதையும் மாற்றாமல் டர்போ பூட்டும் மோகத்தைப் பற்றிச் சென்ற மாதம் நான் எழுதிய நாலு வரிக்கு இது மறுப்பு. மடலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாகத் தலைகீழாக நிறுத்திய வாக்கியத்தை அண்மையில் நான் வாசித்ததில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத அந்நாட்களில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற கார்கள் சில துளி பெற்றோலில் முடுக்கப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி வந்தபோது, சனத்தோடு சனமாக அவையும் புகை கக்கியபடி ஊர்ந்தன. அந்த வித்தையைச் செய்த கைகளை நான் கும்பிடுவேன். ஆனால் அவர்கள் செய்தது என்ன? அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களையே தேர்ந்தார்கள். தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினார்கள். ஏற்றமே இல்லாத குடாநாட்டுத் தெருவில் மெல்ல ஓடினார்கள். அப்படியும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்து பெயரிங்குகளைத் தின்றது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென உழவு இயந்திரம் செய்த பிரித்தானியக் கம்பனிகளும் அழுத்த விகிதத்தைக் குறைத்தே செய்தன. இயந்திரத்திடம் குறைவாகக் கேட்டு அதிக காலம் பிழைக்க வைத்தது அந்தக் கலை. டர்போ, இயந்திரத்திடம் அதிகமாகக் கேட்பது. இரண்டையும் ஒரே பரம்பரைச் சொத்தாக எழுதிவைக்க எந்த நொத்தாரிசாலும் முடியாது.

நான் கலைப்பட்டதாரி. இயந்திரம் பற்றி அறிந்ததெல்லாம் கராஜ் வாங்கில்களில் இருந்து கேட்டுக் குறித்துக்கொண்டவை. ஆனால் கூட்டலும் பெருக்கலும் கலைப்பட்டதாரிக்கும் விலக்கப்பட்டவை அல்ல.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது இணைப்புத் தண்டு, கராஜில் கொன்ரொட். எங்கள் ஊரில் மலிந்த கொரோலா 121இன் 1.5 லீற்றர் இயந்திரத்தில் உருளையின் விட்டம் 75 மில்லிமீற்றர். பிஸ்டனின் தலைப்பரப்பு ஏறக்குறைய 44 சதுர சென்ரிமீற்றர். முழுச்சுமையில் எரிவாயு ஒரு சதுர சென்ரிமீற்றரில் 60 கிலோ எடையாக அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், விரல் தடிப்புள்ள அந்தத் தண்டின் தலையில் இரண்டரைத் தொன்னுக்கு மேல் விழுகிறது. டர்போ பூட்டி அதை 90 ஆக்கினால் நாலு தொன். தண்டு உடனே முறிய வேண்டும் என்பதில்லை, முதலில் வளையும். வளைந்த தண்டோடும் இயந்திரம் ஓடும், கொஞ்சம் குலுங்கும். அதற்கு ‘பிளக்’ மாற்றச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு.

இது தள்ளும் சுமை. இழுக்கும் சுமை வேறு. எரிந்த புகையை வெளியேற்றிவிட்டுப் பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில், எதிரே தாங்க எரிவாயு அழுத்தம் இல்லை. பிஸ்டனின் வேகத்தைத் தண்டும் அதன் போல்ட்டுகளுமே பிடித்திழுத்து நிறுத்த வேண்டும். இச்சுமை சுற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். நிமிடத்திற்கு 6,000 சுற்றை 7,000 ஆக்கினால் 36 சதவீதம் கூடும்.

அதனால்தான் “இந்தக் கொன்ரொட் இத்தனை குதிரைவலு தாங்கும்” என்று யூரியூபில் ஒப்பிக்கப்படும் எண்கள் எனக்குச் சினமூட்டுகின்றன. தண்டுக்குக் குதிரை தெரியாது. தள்ளலும் இழுவையும்தான் தெரியும். 200 குதிரைவலுவை 7,000 சுற்றில் எடுப்பவன் போல்ட்டைச் சோதிக்கிறான். அதையே 4,000 சுற்றில் எடுப்பவன் ஒன்றேமுக்கால் மடங்கு முறுக்குவிசையை வாங்கித் தண்டை வளைக்கப் பார்க்கிறான். இருவருக்கும் ஒரே எண்ணைச் சொல்பவன் பொருள் விற்பவனாக இருக்கலாம், பொறியியலாளன் அல்லன்.

“ஆறு மாதமாக ஓடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்பது மடலின் அடுத்த வாதம். உலோகம் களைப்படையும், தம்பி. கொழும்புக்கு ஆறு மணி நேரம், சராசரி 2,500 சுற்றில் போனால், ஒவ்வொரு தண்டும் நாலரை இலட்சம் தடவை எரிவாயுவின் அடியை வாங்குகிறது. எல்லாமே முழு அடியல்ல. எனினும் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. மானி காட்டாத கணக்கு.

எரிபொருள் இன்னொன்று. இங்கே பெரும்பாலானோர் அடிப்பது ஒக்டேன் 92 பெற்றோல். கொரோலா 121இன் அழுத்த விகிதமோ 10.5. அதற்குள் மேலும் காற்றைத் திணித்தால், தீச்சுவாலை வந்து சேருமுன் கலவை தானே வெடிக்கும். பிஸ்டனுக்கு அது சுத்தியலடி. டொயோட்டா நிறுவனமே 1993இன் சுப்ராவில், டர்போ இல்லாத 3 லீற்றர் இயந்திரத்திற்கு 10 என்று வைத்த விகிதத்தை இரட்டை டர்போ பூட்டியதில் 8.5 ஆக இறக்கியது. பிஸ்டனைக் கீழிருந்து குளிர்விக்க ஒயில் பீச்சும் குழாய்களும் வைத்தது. செய்தவனே அஞ்சி நடந்த இடம் அது.

இளைஞர்களை மட்டும் ஏசுவது நியாயமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. வரியோடு சேர்ந்த விலையோ சாதாரண குடும்பத்திற்கு எட்டாது. இருப்பதையே புதிதாக்கப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கார் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. வெளிநாட்டில் அக்காவோ சித்தப்பாவோ இரவு வேலை செய்து அனுப்பிய காசு. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் காரும் அதுதான்.

முறிந்த தண்டு பிளொக்கைத் துளைத்தால் கொதிக்கும் ஒயில் தெருவில் கொட்டும். இறுகிய இயந்திரம் சில்லுகளையும் இறுக்கக்கூடும். இது ஓட்டப் பந்தயத் திடலில் அல்ல, கண்டி வீதியில், பருத்தித்துறை வீதி பிரியும் கொடிகாமச் சந்தியில் நடந்தால்? தேங்காய்க் குவியலும் சைக்கிளும் பள்ளிப் பிள்ளைகளும் கலந்து நிற்கும் இடம் அது. அதே பருத்தித்துறை வீதியில்தான் தட்டிவான்கள் மூட்டையும் ஆளுமாக நிறைந்து, மெல்ல, பல பத்தாண்டுகள் ஓடின. பரம்பரை வேண்டுமென்றால் அதைச் சொந்தம் கொண்டாடுங்கள்.

டர்போ பூட்டித் தரும் கராஜ்களிடம் நான் கேட்பது ஒரு துண்டுக் கடதாசி. பற்றுச்சீட்டில் பூட்டிய அழுத்தம் எவ்வளவு, எந்த ஒக்டேன், தண்டும் போல்ட்டும் மாற்றப்பட்டனவா, முறிந்தால் செலவு யாருடையது என எழுதிக் கையொப்பம் வைக்கட்டும். மடல் எழுதிய தம்பி அப்படியொரு பற்றுச்சீட்டை வாங்கி எனக்கு அனுப்பினால், ஒரு சொல்லும் வெட்டாமல் இப்பக்கத்தில் போடுகிறேன்.