காட்மியம் எங்கே போனது?

‘கே.டி.எம்.’ என்ற மூன்றெழுத்தைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. நகைக்கடைப் பலகைகளில் பெரிதாக எழுதியிருந்த காலம் ஒன்று உண்டு. “இது கேடிஎம் நகைடீ, சுத்தமானது” என்று அம்மாக்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது எந்தத் தர நிறுவனத்தின் முத்திரையும் கிடையாது. காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் பெயர்ச்சுருக்கம். விஷத்தின் பெயரையே நற்சான்றிதழாக மாட்டிவைத்தவர்கள் நாம்.

அது எப்படிச் சுத்தத்தின் அடையாளம் ஆனது? நகை என்பது பல துண்டுகளின் சேர்க்கை. துண்டுகளைப் பற்றவைப்பது பொடி. நகை உருகும் முன்னால் பொடி உருகியாக வேண்டும். அதனால் அதில் வேறு உலோகம் கலந்தே தீர வேண்டும். செம்பு மாதிரி ஒன்றைக் கலந்தால் அது நகையிலேயே தங்கிவிடும்; பழைய நகையை உருக்கும்போது மாற்று குறையும். உடனே ஆசாரி மேல் பழி. பெற்ற தாயின் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்று பழமொழியே வைத்திருக்கிற ஊர் இது. இந்தச் சந்தேகத்துக்கு மருந்தாக வந்ததுதான் காட்மியம். 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்தாலே போதும், பொடி சுலபமாக இளகி ஓடும். காட்மியம் 767 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். அதாவது சுடர் பட்டதும் அதில் ஒரு பகுதி நகையை விட்டே போய்விடும். மாற்று குறையாது. வாங்கியவருக்குத் திருப்தி.

சரி, போன காட்மியம் எங்கே போனது? சுடரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறவரின் மூக்குக்குள். வாயால் ஊதுகுழல் ஊதி வேலை செய்கிறவர் என்றால், ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் ஒரு மூச்சை அந்தக் காற்றிலிருந்துதான் இழுக்க வேண்டும்.

வெள்ளியில் நிலைமை இன்னும் சிக்கல். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. இணைப்பை மட்டும் சூடாக்க முடியாது. உருப்படி முழுவதும் காய வேண்டும். சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும். 925 வெள்ளி அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். கொலுசின் கம்பி வளையங்கள் மெல்லியவை. ஒரு நொடி தாமதித்தால் வளையமே உருண்டை ஆகிவிடும். வெள்ளி, செம்பு, துத்தநாகம் மட்டும் கலந்த பொடிக்குப் பெரும்பாலும் 700 டிகிரிக்கு மேல் வேண்டும். காட்மியம் சேர்ந்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் மாதிரி ஓடும். எடைக்கோ உருப்படிக்கோ கூலி வாங்குகிறவர் எதை எடுப்பார்?

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கமெல்லாம் கொலுசு வேலை குடிசைத் தொழில். வீடே பட்டறை. பொடி வைத்து ஊதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே சோறு வேகும், பிள்ளைகள் படிக்கும். அங்கே எந்த வீட்டில் எந்தப் பொடி என்று கொலுசு வாங்குகிற ஒருத்தரும் கேட்டதில்லை.

காட்மியம் புகை உடனே காட்டிக்கொடுக்காது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம். “ஃபுளூ போல” என்று ஒரு மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1993-லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் நகையிலும் பற்றவைப்புப் பொடியிலும் காட்மியத்துக்குத் தடை விதித்தது.

இப்போது இன்ஸ்டாகிராமைத் திறங்க. ‘ஹேண்ட்மேட்’, ‘ஸ்லோ ஃபேஷன்’, கரிய பூச்சு வெள்ளி ஜிமிக்கி, சுத்தியல் பிடித்த சுருக்கம் விழுந்த கையின் க்ளோசப். கை அழகாக இருக்கிறது. அந்தக் கைக்காரரின் மூச்சு மட்டும் எந்தப் பதிவிலும் வருவதில்லை. கீழே கமெண்டில் ஒரே கேள்வி: “இது ஒரிஜினல் 925 தானே?” தங்கத்துக்கு ஹால்மார்க் 2021 முதல் கட்டாயம். நல்லதுதான். ஆனால் ஹால்மார்க் சோதிப்பது நகையை, பட்டறைக் காற்றை இல்லை. வாங்குகிறவர் ஏமாறக்கூடாது என்பதற்கு இவ்வளவு ஏற்பாடு. செய்கிறவர் சாகக்கூடாது என்பதற்கு ஒரு புகைபோக்கிகூட இல்லை.

“அவங்களேதான் அந்தப் பொடியை விரும்புறாங்க, வேலை சீக்கிரம் முடியுதே” என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. கூலியை வேகத்தோடு கட்டிப்போட்டுவிட்டு, வேகத்தை அவர் விருப்பம் என்பது அயோக்கியத்தனம். காட்மியம் இல்லாத பொடி இருக்கிறது. கூடுதல் சூடும் கூடுதல் நேரமும் கொஞ்சம் சேதாரமும் ஆகும். அந்த நேரத்துக்குக் காசு கொடுத்தால் எல்லா ஆசாரிக்கும் அதில் வேலை செய்யத் தெரியும்.

ஆகவே அடுத்த முறை கைவேலை ஜிமிக்கிக்கு ஆர்டர் போடும்போது 925-ஐப் பற்றிக் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்க. பொடியில் காட்மியம் இருக்கா? பட்டறையில் புகை வெளியே போக வழி இருக்கா? கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்க. இல்லாத பொடிக்கு நூறு ரூபாய் கூட ஆகும் என்றால் கொடுங்க. அந்த நூறு பட்டறைக்குப் போகிறதா என்றும் கேளுங்க. கேட்கக் கூச்சமாக இருந்தால், கைவேலையைப் பற்றி உருகிப் பதிவு போடுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.