கடாரத்தில் ஒரு நாள்: களிப்பும் கல்வியும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது கல்விச் சுற்றுலாவுக்கான ஏற்பாடுகளும் தொடங்கிவிடுகின்றன. கெடா மாநிலத்திற்குச் செல்லும் மாணவர் குழுவுக்கு இரு சிறப்பான இடங்களை ஒரே நாளில் காணும் வாய்ப்பு உண்டு. ஒன்று, பாலிங் வட்டாரத்தின் உலு லெகோங் வெந்நீர் ஊற்று. மற்றொன்று, மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம். ஆயினும், நேரத்தைப் பங்கிடும்போது வெந்நீர்க் குளத்திற்கு அரை நாளும் பழஞ்சின்னங்களுக்கு அரை மணி நேரமும் ஒதுக்கும் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. இப்பழக்கம் மாற வேண்டும். தேர்ந்த வழிகாட்டியின் துணையோடு இரண்டு இடங்களையும் கற்றறியும் நாளாக அப்பயணம் அமைய வேண்டும்.

பூஜாங் பள்ளத்தாக்கு சாதாரண இடமன்று. வடக்கே ஜெராய் மலைக்கும் தெற்கே மூடா ஆற்றுக்கும் இடையில் பரந்து கிடக்கும் இந்நிலப்பகுதி, பல நூற்றாண்டுகள் கடல் வணிகத்தில் சிறந்து விளங்கியது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தொலைவிலிருந்தே திசைகாட்டியது. இங்குச் சீனப் பீங்கான் துண்டுகளும் மணிகளும் இந்து, பௌத்த வழிபாட்டுச் சின்னங்களும் கிடைத்துள்ளன. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டுள்ளன. தமிழர் கடாரம் என்று அழைத்ததும் இக்கெடாவையே. 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழன் மேற்கொண்ட கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டிலும் கடாரத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது.

இத்தனை சிறப்பும் வெறும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே சிக்கல். அருங்காட்சியக வளாகத்தில் இருப்பவை வானளாவிய கோபுரங்கள் அல்ல. சண்டி எனப்படும் கோயில்களின் அடித்தளங்களே. விளக்குவோர் இல்லையெனில் மாணவர் கண்ணுக்கு அவை கற்குவியலாகவே தோன்றும். புக்கிட் பத்து பகாட் சண்டியின் கருங்கல் தளத்தில் வட்ட வடிவக் கற்கள் வரிசையாக உள்ளன. அவை மரத்தூண்களைத் தாங்கியவை என்று வழிகாட்டி சொன்னதும், மறைந்துபோன கூரையும் மண்டபமும் மாணவர் மனத்தில் எழுந்து நிற்கும். அச்சண்டி அதே இடத்தில் சீரமைக்கப்பட்டது; வளாகத்திலுள்ள வேறு சில சண்டிகள் தத்தம் இடங்களிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டு மீண்டும் கட்டப்பட்டவை. இவ்வேறுபாட்டை அறியும் மாணவர், தொல்லியலாளரின் உழைப்பையும் சேர்த்தே அறிகிறார்.

வெந்நீர் ஊற்றும் குளித்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. தீபகற்ப மலேசியாவில் கனன்று கொண்டிருக்கும் எரிமலை எதுவும் இல்லை. அப்படியிருக்க, நீர் ஏன் சுடுகிறது? மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியசு வரை உயர்கிறது. அங்குச் சூடேறிய நீர், பிளவுகளின் வழியாகவே மீண்டும் மேலே வருகிறது. அறிவியல் பாடநூலில் படித்த செய்தியைக் காலை நனைத்துக்கொண்டே உணர்வதற்கு இதைவிட நல்ல வகுப்பறை வேறு ஏது?

மாணவர்கள் களைப்பாற வருகிறார்கள், அங்கும் பாடம் நடத்த வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. நீண்ட சொற்பொழிவு எவருக்கும் சலிப்பூட்டும். வழிகாட்டிக்குக் கட்டணம் தேவைப்பட்டால் அதுவும் சில பள்ளிகளுக்குச் சுமையாகலாம். ஆனால், வெயில் ஏறுமுன் பழஞ்சின்னங்களைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் ஊற்றுக்குச் சென்றால் களைப்பும் நீங்கும், கற்றலும் நடக்கும். வழிகாட்டி அமையாதபோது, முன்கூட்டியே படித்துத் தயாரான மாணவர்களே ஆளுக்கொரு சண்டியைப் பற்றித் தோழர்களுக்கு விளக்கலாம்.

இதில் அக்கறை காட்டாவிட்டால் இழப்பு பெரிது. 2013ஆம் ஆண்டில், இப்பள்ளத்தாக்கில் 'சண்டி 11' என எண்ணிடப்பட்டிருந்த கோயில் சிதைவு நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தும் இது நிகழ்ந்தது. பல நூற்றாண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்த கட்டுமானம் இயந்திரத்திற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. அது கோயில் என்று அறிந்தவர்கள் அக்கம்பக்கத்தில் நிறைய இருந்திருந்தால், இடிப்பதற்கு முன்பே குரல் எழுந்திருக்கக்கூடும். சட்டம் காவல் செய்யலாம். ஆனால், எதைக் காக்க வேண்டும் என்பதை மக்கள் அறிந்திருந்தால்தான் அக்காவல் வலுப்பெறும்.

ஆகவே, கல்விச் சுற்றுலாவைத் திட்டமிடுவோர் பேருந்தையும் உணவையும் உறுதிசெய்யும்போதே, விளக்கம் தருவது யார் என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மாணவரும் புறப்படுமுன் ஒரு கேள்வியையாவது எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். இன்று ஒரு கல்லின் கதையைக் கேட்டறியும் மாணவர், நாளை அக்கல்லுக்கு ஆபத்து வரும்போது வாளாவிருக்கமாட்டார்.